மின்னேற்றம் இருந்தால் மட்டும் போதாது

ரோட்டாக்சேன் என்பது ஒரு வளைய மூலக்கூறுக்குள் இன்னொரு நீள மூலக்கூறு அச்சு மாதிரி கோத்திருக்கும் அமைப்பு. அதில் நேர்மின்னேற்றம் இருப்பதால் எந்த எதிரயனி (எதிர்மின்னேற்றம் கொண்ட அயனி) வந்தாலும் ஒட்டிக்கொள்ளும், வளையத்தைக் கோப்பதெல்லாம் வெறும் அழகுக்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தப்பு.

ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலாளர் பால் பீரின் குழு 2002-ல் வெளியிட்ட ரோட்டாக்சேனையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் அச்சு மாதிரி நேர்மின்னேற்றம் கொண்ட பிரிடினியம் மூலக்கூறு, அதைச் சுற்றி ஒரு வளையம். அந்த வளையத்தை மூடும்போது குளோரைடு என்ற எதிரயனியை அளவுக்கட்டை மாதிரி உள்ளே வைத்தே மூடினார்கள், பிறகு அதை வெளியே எடுத்துவிட்டார்கள். மிஞ்சுவது குளோரைடின் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி ஒரு குழி, வளையமும் அச்சும் இரண்டு பக்கமிருந்தும் தங்கள் ஹைட்ரஜன்களை அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது கவனியுங்கள்: அதே அச்சைத் தனியாகச் சோதித்தால் அது குளோரைடைவிட அசிட்டேட் என்ற இன்னொரு எதிரயனியைத்தான் பலமாகப் பிடிக்கிறது, ஆனால் வளையத்தில் கோத்த பிறகு வரிசை அப்படியே தலைகீழாகி குளோரைடு முன்னால் வந்துவிடுகிறது. நேர்மின்னேற்றம் இரண்டிலும் ஒன்றுதான்! மாறியது கோத்த விதம் மட்டும். பருமனான அசிட்டேட்டுக்கு அந்தக் குழியில் சரியாக உட்கார இடமில்லை.

சரி, உடனே இதைக் குடிநீர் வடிகட்டியில் போட்டுவிடலாம் என்று கிளம்பாதீர்கள். அந்தச் சோதனை நடந்தது குளோரோஃபாம், மெத்தனால் கலவையில். தண்ணீரில் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் மொய்த்துக்கொள்ளும், அவற்றை உரித்தெடுப்பதுதான் பெரிய பாடு.