நூடுல்ஸை வேகவைக்க வேண்டாம், ஊறவைத்தால் போதும்

தாய்லாந்தின் வறுத்த அரிசி நூடுல்ஸான பாட் தாய் செய்முறையை எளிமையாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடில்லை.

அரிசி நூடுல்ஸைக் கொதிநீரில் வேகவைக்கச் சொல்கிறீர்கள். அப்படிச் செய்தால் வாணலியில் புரட்டும்போதே குழைந்து களியாகிவிடும். சாதாரணத் தண்ணீரில் 30, 40 நிமிடம் ஊறினால் போதும். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும். கடித்தால் நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்க வேண்டும். மீதி வேக்காடு சாஸில் நடந்துவிடும்.

அடுத்தது நீங்கள் சேர்க்கச் சொல்லும் தக்காளி சாஸ். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்! தாய்லாந்தில் இதற்குப் புளிப்பு தருவது புளிதான். நம் அடுக்களையில் எப்போதும் இருக்கும் பொருளை விட்டுவிட்டு ஏன் பாட்டிலைத் தேட வேண்டும்? கெட்டிப் புளிக்கரைசல், பனை வெல்லம், மீன் சாஸ் மூன்றையும் சிறு தீயில் காய்ச்சி, நாக்கில் வைத்துப் பாருங்கள். புளிப்பு, இனிப்பு, உப்பு மூன்றில் எதுவும் தனியாகத் துருத்தக் கூடாது.

ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் செய்ய வேண்டாம். வாணலி நிறைந்தால் நூடுல்ஸ் வறுபடாது, அவிந்துவிடும். நான்கு பேர் என்றால் இரண்டு முறை அடுப்பேற்றுவதே நல்லது. நீளமாக வெள்ளைத் தண்டு விட்ட பாசிப்பயறு முளையைக் கடைசியில் போட்டு ஒரே புரட்டு. தட்டில் வைத்த பிறகு பொடித்த வேர்க்கடலை, எலுமிச்சைத் துண்டு, மிளகாய்த் தூள். தாய்லாந்தில் உண்பவரே தன் ருசிக்குக் கலந்துகொள்வார்.