சோகப் பாட்டின் மேல் மட்டும் பழியா?

சோகப் பாடல்களை அதிகம் கேட்கும் இளைஞர்களுக்கு மனச்சோர்வு கூடுகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் பாதிதான் ஒப்புதல். ஏற்கெனவே சோர்ந்திருப்பவர்கள் அந்தப் பாட்டுகளைத் தேடிப் போகிறார்கள் என்றும் இருக்கலாமே? எது முந்தியது என்று பார்க்க வேண்டாமா?

இருபத்திரண்டு வயதில், ஒரு பிரிவுக்குப் பிறகு, ஒரே பாட்டை இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் சில நாள் அழுது தீர்த்தது உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. அப்புறம் அதே பாட்டு அதே நினைவைக் கிளறத் தொடங்கியது, தூக்கமும் போனது. இப்படி ஒரே நினைவையே மனசு திரும்பத் திரும்பச் சுற்றுவதை உளவியலில் அசைபோடுதல் என்கிறார்கள். அழுது ஆறுவதையும் இப்படி அசைபோடுவதையும் கட்டுரை ஒன்றாகவே பார்க்கிறது.

இசை சிகிச்சையில் ஒரு பழைய முறை உண்டு. 1940-களிலேயே அல்ட்ஷூலர் என்ற மனநல மருத்துவர் சொன்னது. முதலில் அப்போதைய மனநிலைக்கு ஒத்த இசை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேறு மனநிலைக்கு நகரும் இசை. துக்கத்தில் இருப்பவருக்கு எடுத்த எடுப்பிலேயே துள்ளல் பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும், எனக்கு வந்தது.

சரி, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெட்போனைப் பிடுங்கும் முன், கேட்டு முடித்ததும் மனசு லேசாகிறதா, இன்னும் கனக்கிறதா என்று பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள்.