அலுமினியம் பாடநூலோடு நிற்பதில்லை
அலுமினியத்தை வைத்து இரும்பு ஆக்சைடிலிருந்து இரும்பைப் பிரிப்பது 'வகுப்பறை வேடிக்கையோடு சரி' என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. மொரப்பூர் பக்கம் இதே வினையை வைத்துத் தண்டவாளம் இணைப்பதை நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு தண்டவாள முனைகளுக்கு நடுவே விரலளவு இடைவெளி விட்டு, சுற்றிலும் மணல் அச்சு பொருத்தி, முனைகளைப் பழுக்கச் சூடாக்குகிறார்கள். மேலே இருக்கும் மூசையில் (உலோகம் உருக்கும் பாத்திரம்) இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும். பற்றவைத்தால் அலுமினியம் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு, அரை நிமிடத்துக்குள் வினை முடிந்துவிடுகிறது. வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டுவதால் உண்டாகும் இரும்பு, அலுமினியம் ஆக்சைடு இரண்டுமே உருகி, கனமான இரும்பு அடியில் இறங்கி இடைவெளியை நிரப்புகிறது, அலுமினியம் ஆக்சைடு கசடாக மேலே மிதந்து வழிகிறது. உலையும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். 1895-இல் ஹான்ஸ் கோல்ட்ஸ்மிட் காப்புரிமை பெற்ற முறை இது. அப்படியானால் இரும்பு ஆலைகளில் அலுமினியத்துக்குப் பதில் ஏன் கரி என்று கேட்கலாம். விலைதான் காரணம். அலுமினியத்தையே ஏகப்பட்ட மின்சாரம் செலவழித்துத்தான் எடுக்கிறோம், கரி மலிவு. ஆனால் குரோமியம் எடுக்கக் கரி போட்டால் கார்பைடு (உலோகமும் கரியும் சேர்ந்த சேர்மம்) கலந்துவிடும், சுத்தமாக வேண்டுமென்றால் அங்கே அலுமினியம்தான். அப்புறம், வினைத்திறன் கூடிய தனிமம்தான் மற்றதிடமிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும் என்று வகுப்பில் சொல்லும் விதியும் எப்போதும் பொருந்தாது. பிட்ஜன் முறையில் மக்னீசியம் ஆக்சைடிலிருந்து மக்னீசியத்தை எடுப்பது அதைவிட வினைத்திறன் குறைந்த சிலிக்கான். சுமார் 1200 டிகிரியில், வெற்றிடத்தில், மக்னீசியம் ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருப்பதால் வினை முன்னோக்கி நகர்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.