எந்தத் தோட்டம்னு கேட்டவருக்கு

ஞாயித்துக்கெழமை மலேசியா சுங்கை சிப்புட் மண்டபத்துல ஜிமேட்டுக்கு, அதாவது எம்பிஏ படிக்க பிசினஸ் ஸ்கூல்ல சேர எழுதுற பரீட்சைக்கு, ஒரு கூட்டம் நடந்துச்சு. அங்க நடந்தது இந்நேரம் எல்லாருக்கும் வாட்சப்புல வந்திருக்கும். பேசாம விட்டுரலாம்னுதான் பாத்தேன், மனசு கேக்கல.

கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு தங்கச்சி எழுந்து நின்னு தமிழ்ல, "ஜிமேட்டுல டேட்டா இன்சைட்ஸுக்கு எப்படி தயார் பண்றது சார்"னு கேட்டுச்சு. பட்டியல், வரைபடம்னு குடுத்த தகவல பாத்துப் பதில் சொல்ற பகுதி அது. கோலாலம்பூர்ல கோச்சிங் நடத்துறவரு பதிலே சொல்லல. "நீங்க எந்தத் தோட்டம்மா? மொதல்ல கிராமர சரி பண்ணுங்க, சென்டன்ஸ் கரெக்‌ஷன்ல அடி வாங்கிருவீங்க"ன்னாரு. முன்வரிசையில சிரிச்சாங்க. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளி வீட்டுப் புள்ளதானேன்னு மட்டம் தட்டுற கேள்வி அது.

சென்டன்ஸ் கரெக்‌ஷன்ங்கிற இலக்கணத் தப்பு கண்டுபிடிக்கிற பகுதி இப்ப ஜிமேட்லயே கிடையாதுங்க! 2023 நவம்பர்ல புது ஜிமேட் வந்துருச்சு, 2024 ஜனவரியோட பழசு முடிஞ்சுது. கட்டுரையும் இல்ல, ஜியாமெட்ரியும் இல்ல. குவான்ட்ங்கிற கணக்குப் பகுதி 21 கேள்வி, வெர்பல்ங்கிற இங்கிலீஷ் வாசிப்புப் பகுதி 23, டேட்டா இன்சைட்ஸ் 20, ஒவ்வொண்ணுக்கும் 45 நிமிஷம், ஸ்கோர் 205ல இருந்து 805 வரைக்கும். அந்தப் புள்ள கேட்டது இன்னிக்கு நடக்குற பரீட்சைய பத்தி, இவரு சொன்னது எடுத்துப் போட்ட பரீட்சைய பத்தி. அப்ப யாருக்குத் தெரியல? இவரு கோச்சிங்குக்கு நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) பேக்கேஜ் வேற.

"அவரு நல்லதுக்குத்தான சொன்னாரு"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருக்காரு. நல்லதுக்குச் சொல்றவரு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுவாரு அண்ணே.

"அப்ப இங்கிலீஷே வேணாமா?" வேணும், யாரு வேணாம்னா? வெர்பல்ல பத்தியப் படிச்சு, அந்த வாதம் எங்க இடிக்குதுன்னு புடிக்கணும். அது வாசிச்சு வாசிச்சு வர்றது. மைக்க புடிச்சு ஸ்டைலா பேசுறதுக்கு அங்க மார்க்கு இல்ல.

"நீ எழுதியிருக்கியா"ன்னு கேக்குறவங்களுக்கு, எழுதியிருக்கேன், பழைய ஜிமேட். செம்பனை (பாமாயில்) ஆலை ஆபீஸ்ல வேல பாத்துக்கிட்டே படிச்சேன். டேட்டா சஃபிஷியன்சின்னு ஒண்ணு இருக்கு, முன்ன குவான்ட்ல இருந்துச்சு, இப்ப டேட்டா இன்சைட்ஸ்ல இருக்கு. விடைய கண்டுபிடிக்க வேணாம், குடுத்த தகவல் போதுமா போதாதான்னு சொன்னா போதும். அத பாத்ததும் எனக்கு எங்கம்மா ஞாபகம்தான் வந்துச்சு. அம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுனவங்க. சம்பளத்தன்னிக்கு கணக்கெழுதுற கிராணி முன்னால நின்னு, "பால் எட மட்டும் சொன்னா பத்தாதுங்க, ரப்பர் எத்தன சதவீதம்னும் சொல்லுங்க, ரெண்டும் இருந்தாத்தான் கணக்கு சரியான்னு தெரியும்"னு கேப்பாங்க. எங்கம்மா ஆறாவது தாண்டல. அப்பேர்ப்பட்டவங்க வளத்த புள்ளைங்களுக்கு இது ஒத்து வராதாமா?

கூட்டம் முடிஞ்சு அந்தத் தங்கச்சியோட நோட்ட வாங்கிப் பாத்தேன். மளிகக் கடையில கடன் எழுதுவாங்களே, அந்த 555 புக்கு. ஒவ்வொரு பக்கத்துலயும் தப்பாப் போன ஒரு கேள்வி, கீழ செவப்பு பேனாவுல காரணம். "எக்செப்ட்னு இருந்தத கவனிக்கல." "ரெண்டாவது தகவல படிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்." கோச்சிங் போனாலும் இதத்தான செய்யச் சொல்லுவாங்க? யாரும் சொல்லிக் குடுக்காமலே செஞ்சிருக்கு. ஜிமேட்டோட சொந்த வெப்சைட் எம்பிஏ டாட் காம்ல இலவசமா ரெண்டு முழு மாதிரித் தேர்வு இருக்கு, அதையும் அதுவே தேடிக் கண்டுபிடிச்சிருக்கு. கோச்சிங்கே தப்புன்னு நான் சொல்லல, காசு இருக்கிறவங்க தாராளமா போங்க. ஆனா பரீட்ச கட்டவே ஆயிரம் வெள்ளிக்கு மேல ஆகுது, அதையே சேத்து வச்சுக்கிட்டிருக்கிற புள்ளைய பயமுறுத்திப் பணம் வாங்காதீங்க.

எந்தத் தோட்டம்னு கேட்டாரே, அதுதான் இன்னும் ஆறல. பரீட்ச எழுத தோட்டம் எதுக்குங்க? இதே ஊருக்காரரு, மலேசிய இந்தியர் தலைவரு துன் சம்பந்தன் 1960ல கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்ப, தோட்டத்த துண்டு துண்டா வித்துருவாங்கன்னு பயந்துக்கிட்டிருந்த தோட்டத்து ஜனங்கதான் சிறுகச் சிறுக பங்கு கட்டி தோட்டத்தையே வாங்குனாங்க. அவங்க பேரப்புள்ளைங்க பிசினஸ் ஸ்கூல்னு சொன்னா சிரிப்பீங்களா? அதுவும் சிரிச்சதுல பாதிப் பேரு தோட்டத் தொழிலாளிங்க இருக்கிற லயத்து வீட்டுல பொறந்தவங்க. முகத்த பாத்தேன், எனக்குத் தெரியும்.

தங்கச்சிக்கு புக்கு சேக்குறோம். டேட்டா இன்சைட்ஸ் இருக்கிற புது ஆபீசியல் கைடு யாருகிட்டயாவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, ஈப்போ வரைக்கும் நானே வந்து வாங்கிக்கிறேன். பழைய கிராமர் புக்கு தயவுசெஞ்சு வேணாம்.