குளியல் வாளி யாருக்கு?

வீட்டுக்குள் பெக்கின் வாத்து வளர்க்காதே என்று யாராவது முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம். வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கிய மஞ்சள் பஞ்சு. இரண்டே மாதத்தில் 3 கிலோ! குண்டன் என்று பெயர் வைத்தோம். தெருமுனை வரை கேட்கும்படி கத்த ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அது குண்டம்மா. ஆண் வாத்துக்குக் கரகரத்த தொண்டைதான். இந்தக் கத்தல் பெட்டைக்கு மட்டுமே வரும்.

நாயைப் போல இதற்கு இடம் பார்த்துப் போகப் பழக்க முடியாது. நடக்கிற போக்கில் சளக். துணியும் கையுமாகப் பின்னாலேயே அலைகிறேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால், தின்கிற தீவனத்தையும் அதில் கரைத்து, தலையை உதறி, கூடத்தையே நாற்றங்கால் ஆக்கிவிடுகிறது. கண்ணும் மூக்கும் சுத்தமாக இருக்க, தலை முங்கும் அளவுக்கு அதற்குத் தண்ணீர் வேண்டும்தான். சரி, அதற்காக என் குளியல் வாளியா?

பழக்கியதுதான் இன்னும் பெரிய வம்பு. குஞ்சிலிருந்து கையிலேயே வளர்ந்ததால் நான்தான் அதற்குத் தாய். குளியலறைக் கதவைச் சாத்தினால் வெளியே நின்று அலகால் தட்டுகிறது. இதோ, இப்போதும் என் கைலி நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.