வீடு இறங்கவில்லை, ரோடுதான் ஏறியிருக்கிறது

ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போடுவதைப் பற்றி அதிகாரிகளோடு நேற்று எங்கள் தெருவில் நடந்த வாக்குவாதத்தை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால், "வீட்டைப் பள்ளத்துல கட்டிட்டு ரோட்டைக் குறை சொல்றீங்களே" என்று அம்மாவின் முகத்துக்கு நேராகவே ஒரு அதிகாரி சொன்னதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்பா பள்ளத்தில் வீடு கட்டவில்லை. 1988இல் கட்டியபோது தெருவிலேயே எங்கள் பேஸ்மட்டம்தான் உயரம். மூன்று படி ஏறித்தான் வராந்தாவுக்கு வர வேண்டும். இன்று ரோட்டிலிருந்து ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. பழைய தார் மேலேயே புதுத் தாரைக் கொட்டிக்கொண்டே போனால் வேறென்ன ஆகும்? வெளிப்பக்கம் திறக்கும் கேட் ரோட்டில் இடித்து நின்றதால் வெல்டரைக் கூப்பிட்டு அடியில் அரை அடி அறுத்தோம். அடுத்த ரோடு வந்ததும் மறுபடி அறுத்தோம். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின், அதாவது சம்ப்பின் மூடி இப்போது ரோட்டை விடக் கீழே கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் தெருச் சாக்கடை குடிக்கிற தண்ணீரில் கலக்கிறது.

"அப்போ ரோடே போடக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். யார் சொன்னது? சுரண்டிவிட்டுப் போடுங்கள். 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதைத்தானே அதிகாரிகளுக்கு எழுதினார்? பழைய மேற்பரப்பை மில்லிங் செய்து எடுத்த பிறகே புது ரோடு, மட்டம் உயரக் கூடாது என்று. நான் கேட்பது அரசே சொன்னதைத்தான்.

"மில்லிங்குக்குச் செலவாகும்." சரி, ஆகட்டும். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கச் சொல்கிறீர்களே, அந்த லட்சங்களை யார் தருவது?

"ஏரிப் பக்கம் மனை வாங்கினால் தண்ணீர் வரத்தான் செய்யும்." இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி சென்னைப் புறநகரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு ரோட்டு உயரம் மட்டும் காரணமில்லை.  அந்த வெள்ளத்துக்கு நான் யாரையும் திட்டவில்லை. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறதே, அதுவும் ஏரியின் குற்றமா? வீடு இறங்கவில்லை ஐயா, ரோடுதான் ஏறியிருக்கிறது.

புதிதாக வந்த மழைநீர் வடிகாலைக் காட்டுகிறார்கள். அதன் மேல்மட்டம் எங்கள் வாசலை விட உயரம். எங்கள் வீட்டுத் தண்ணீர் மேலேறிப் போய் அதில் விழுமா?

அதிகாரிகள் பேசியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எதிரே புது அப்பார்ட்மெண்டுக்கு வந்தவர்கள், கார் ஏறுவதற்கு ரோட்டுப் பக்கம் சாய்தளத்தை நீட்டியவர்கள், "பழைய வீடுதானே, பில்டருக்குக் கொடுத்துடலாமே" என்று சிரித்ததுதான் தாங்கவில்லை. தெருவில் தண்ணீர்க் குழாய் இல்லாத காலத்தில் அவர்களின் மனையில் முன்பு குடியிருந்தவர்களும் எங்கள் கிணற்றில்தான் இறைத்தார்கள். வேலை விட்டு வந்து, ராத்திரி விளக்கு வைத்து, அப்பா தன் கையால் சுவருக்குத் தண்ணீர் அடித்த வீடு இது. அம்மா விற்க மாட்டார். நானும் கேட்க மாட்டேன்.

மீதித் தெருவுக்கு வரும் செவ்வாய்க்கிழமை ரோடு போடுகிறார்களாம். மில்லிங் இயந்திரம் வராமல் தார் லாரி மட்டும் வந்தால் தெருமுனையில் மறித்து நிற்பேன். நம் தெருக்காரர்கள் காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். பழைய பத்திரமோ, படிக்கட்டு தெரிகிற பழைய போட்டோவோ இருந்தால் எடுத்து வாருங்கள்.