உண்மை விளக்கம்: அடியில் கீறல் இருந்தால் புது கயாக் ஓட்டையா?

சென்னை அருகே கோவளம், முட்டுக்காடு பக்கம் கயாக் என்னும் சிறு படகில் துடுப்புப் போடுகிறவர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: "புது பிளாஸ்டிக் கயாக்கின் அடியில் கீறல் இருந்தால் பழைய சரக்கு, தண்ணீர் ஏறும். உடனே எம்-சீல் பூசுங்கள்." இரண்டும் தவறு.

இந்தக் கயாக்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் சூடாக்கிச் சுழற்றி வார்த்தவை. மேல்பூச்சு கிடையாது, நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்தது. லாரியில் இழுபட்டாலே கோடு விழும். நகத்தால் வருடினால் மயிர் போலச் சுருள் தட்டுப்படுகிறதா? மேல்கீறல்தான், பிளேடால் சீவிவிடலாம். நெடுக ஓடும் வார்ப்புக் கோட்டையும் விரிசல் என்று பதறுகிறார்கள். பாவம், அது பிறவி மச்சம்!

எம்-சீல் போன்ற எப்பாக்ஸி பசை பாலிஎத்திலீனில் பிடிக்காது, உரிந்துவிடும். நிஜ விரிசலுக்கு அதே பிளாஸ்டிக்கை உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும்.

பார்க்க வேண்டியது பின்நுனியின் அடிப்பகுதி. தரையில் இழுக்கும்போது முதலில் தேய்வது அங்கேதான். தண்ணீர் வடியும் துளைகளின் விளிம்பிலும் விரிசல் வரும். சந்தேகம் இருந்தால் உள்கூட்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, முன்னும் பின்னும் சாய்த்து, வெளியே கசிகிறதா பாருங்கள். கட்டி வைத்ததில் விழுந்த குழியை நம்ம ஊர் வெயிலில் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்தால் பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும்.